காப்பு அவுக்கற வரைக்கும்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பையும் உள்ளயே எடுத்து வெச்சுக்கோங்க. திருட்டுப் பயமெல்லாம் இல்லீங்க. வாசல்ல புதுச் செருப்புக் கெடந்தா, ஆரு வந்திருக்கறாங்கன்னு கேக்க வந்துர்றாங்க. அதுக்குத்தான்.

ரூமு அந்தக் கடேசில இருக்குதுங்க. இந்த லைன்ல ஆறு ரூமு, மூணு காலியாக் கெடக்குது. நீங்க பாக்க வந்தது நாலாம் நம்பரு. பினாயில் ஊத்தி ரெண்டு தடவ கழுவி உட்டுட்டேன், ஒரு கறை இருக்காது. வாடகையெல்லாம் அப்பறம் பேசிக்கலாம், மொதல்ல உக்காருங்க. ஏனுங், என்ற ஊட்டுக் கதவையே பாக்கறீங்க? கீழ கோடு கோடா இருக்குதே, அதுங்களா? முன்ன குடியிருந்தவ பண்ணிட்டுப் போன வேலை. பெயிண்ட் அடிக்கோணும், ஆளு கெடைக்க மாட்டேங்குது. பெயிண்ட் அடிக்கறதும் அந்த வடக்கத்திப் பசங்கதான். அவனுங்கதான் எல்லாரும் ஓடிட்டானுங்களே.

நீங்க எந்த ஊருன்னு நான் கேக்கவே இல்ல பாத்தீங்களா? கேக்க மாட்டேன். துளசிமணி அப்படியெல்லாம் கேக்கற ஆளு இல்லீங்க. மனுசருக்கு மனுசரு, மாசமானா வாடகை வந்தாச் செரி. நானும் இருபது வருசம் பனியன் கம்பெனில செக்கிங் பாத்தவ. கூட வேலை செய்யறவ எந்த ஊருக்காரி, என்ன ஆளுன்னு ஒருநாளுங் கேட்டவ இல்ல.

ஆனாப் பயமா இருக்குதுங்க தம்பி. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. எல்லாம் அவனுங்க வந்து கெடுத்ததுதான். அவனுங்க வந்தப்பறந்தான் இந்த ஊருக்குப் பயம்னு ஒண்ணு வந்துச்சு. இப்ப அவனுங்களும் போயிட்டானுங்க. போயும் எனக்குப் பயம் போகல. வாசக் கேட்டுச் சத்தம் கேட்டா ஓடிப்போயித் தாழ்ப்பாளைப் பாக்கறேன். அது என்னன்னுதான் தெரியல.

மொதல்ல இருந்து சொல்றேன், கேளுங்க.

இங்க கார்ப்பரேஷன் தண்ணி பத்து நாளைக்கொருக்கா, பதினஞ்சு நாளைக்கொருக்கா வரும். ஆத்துத் தண்ணி சாயப்பட்டறையால கெட்டுப்போச்சு, அது வேற கதை. தண்ணி வர்ற அன்னைக்குக் குழாயடில பாக்கோணுமே, ஒரே சண்டைதான். போன தை மாசம்னு நெனைக்கறேன், நான் கொடத்தோட நிக்கறேன், எனக்கு முன்னால பெரிய பெரிய நீல டிரம்மு. ஆரோடதுன்னு பாத்தா, என்ற லைன்ல நாலாம் நம்பர்ல குடியிருக்கற ரஞ்சனோடது. ஒடிசாப் பையன். ஓவர்லாக் டெய்லரு. நல்லாச் சிரிச்ச மூஞ்சி. எனக்குக் காலு வலி, வெயிலு வேற. வாய்ல வந்ததைச் சொன்னேன். "ஏனுங், நம்ம ஊர்ல நாம ஒறம்பரையா, வந்தவங்க ஊட்டுக்காரங்களா?" ஒறம்பரைன்னாத் தெரியுமில்லீங்க? எங்க பக்கம் விருந்தாளிய அப்படித்தான் சொல்றது.

அவ்வளவுதானுங்க சொன்னது. குழாயடியே சிரிச்சுது. ரஞ்சனுக்குப் புரியல, அவனும் சேந்து சிரிச்சான். சிரிச்சுட்டு என்ன பண்ணுனான் தெரியுமா, என்ற கொடத்தை முன்னால வெச்சுப் புடிச்சு, அவனே தூக்கிக் கொண்டாந்து ஊட்டுல எறக்கி வெச்சுட்டுப் போனான். இதையுஞ் சொல்லோணுமில்ல.

அன்னைக்குப் பொழுதோட பூபதி வந்தான். முக்குல பிளக்ஸ் பேனர் கடை வெச்சிருக்கறானே, அவன். என்ற ஊட்டுக்காரரு செத்தப்ப கண்ணீர் அஞ்சலி பேனரு ஒத்தைப் பைசா வாங்காம அடிச்சுக் குடுத்தவனுங்க. நல்ல பையன். எப்ப வந்தாலும் என்ற கையால காப்பி குடிக்காமப் போக மாட்டான். வந்து, "அக்கா, குழாயடில என்னமோ சொன்னீங்களாமா, அத இன்னொருக்காச் சொல்லுங்க"ன்னு போனை நீட்டறான்.

"போடா, ஆருக்கு வேணும் அது."

"இல்லக்கா, ஊரே மனசுல வெச்சுக்கிட்டுச் சொல்ல முடியாம இருந்துச்சு, நீங்க சொல்லிட்டீங்க."

எனக்கு வெக்கமாப் போச்சு. சொன்னேன். "சிரிக்காமச் சொல்லுங்கக்கா"ன்னான். மறுக்காச் சொன்னேன். "கொஞ்சம் கோவமா"ன்னான். அப்ப ரஞ்சனோட டிரம்மை நெனைச்சுக்கிட்டேன். அப்பறம் என்ற கால்வலி, எம்புள்ளை கல்யாணமாகிப் போயி வருசத்துக்கொருக்கா எட்டிப் பாக்கறது, செக்கிங்ல என்னை நிறுத்திப்போட்டு வயசுப் புள்ளைங்களச் சேத்துக்கிட்டது, அதெல்லாம் வந்துச்சு. அதுக்கும் டிரம்முக்கும் என்ன சம்பந்தம்? ஆனா வந்துச்சுங்க. சொல்லச் சொல்ல எனக்கு நெசமாலுமே கோவம் வந்துருச்சு. பூபதி போனை அணைச்சுட்டு, "இது போதுங்க்கா"ன்னான்.

மக்யாநாளே, பொழுது விடிஞ்சதும் எல்லார் போன்லயும் என்ற கொரலு. கோயமுத்தூர்ல இருக்கற எம்புள்ளையோட மாமியாருக்கே போயிருக்குது. முக்குல பேனரு வெச்சாங்க, என்ற வார்த்தைய இந்தப் பெருசு எழுத்துல. கீழ 'மண்ணின் காவல் பேரவை'ன்னு போட்டிருந்துச்சு. அப்படி ஒண்ணு இருக்குதுன்னே அன்னைக்குத்தான் தெரியும். அதுக்குக் கீழ, சாயப்பட்டறை மொதலாளி கும்பிட்ட மாதிரி ஒரு போட்டோ. அவருகிட்ட வேலை செய்யறதுல பாதி வடக்கத்தியானுங்கதான். ஆனா மனசுல ஊருப்பற்று இருக்கறவரு போல.

அப்பறம் கல்யாண மண்டபத்துல கூட்டம். நான் ஒரு ஓரமா நின்னேன், பூபதி ஓடியாந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போயி முன் வரிசைல சேர் போட்டு உக்கார வெச்சான். தம்பி, தாலியறுத்தவளை இந்த ஊர்ல ஒரு விசேசத்துல முன் வரிசைல உக்கார வெச்சவங்க ஆருமில்ல. டீ கொண்டாந்து மொதல்ல எனக்குக் குடுத்தாங்க. மேடைல பேசுனவரு என்ற பேரைச் சொன்னாரு. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க.

கூட்டத்துக்குப் போகப் போக நெறைய விசயம் தெரிஞ்சுது. அதுவரைக்கும் நாங்க 'இந்திக்காரப் பசங்க'ன்னுதான் சொல்லுவோம். அப்பறம் 'வந்தவனுங்க'ன்னு ஆச்சு. அப்பறம் 'ஊடுருவல்'னு ஒரு வார்த்தை சொன்னாங்க. எனக்கு அது மொதல்ல வாய்லயே நொழையல, இப்ப நல்லா வருது. இன்னும் கொஞ்ச வருசத்துல நாம இங்க சிறுபான்மையாம். நம்ம புள்ளைங்களப் புடிச்சுக்கிட்டுப் போறாங்களாம். மேலத் தெருவுல ஒரு பொடுசு காணாமப் போயிருச்சுன்னு போட்டோவோட பேனரு வெச்சாங்க. அந்தப் புள்ளை அத்தை ஊட்டுல போயிப் படுத்துத் தூங்கிட்டிருந்துச்சாமா, பொழுதுக்குள்ளயே வந்துருச்சு. ஆனாப் பேனரு அப்படியே இருந்துச்சுங்க. எடுங்கடான்னு ஆரும் சொல்லல. நானுஞ் சொல்லல. அந்தப் பேனரைப் பாக்கறப்பல்லாம், புள்ளை வந்துருச்சுன்னு தெரிஞ்சும் பயந்துக்கிட்டேதான் தாண்டிப் போவேன்.

ஆனா ஒண்ணு, நான் சுபத்திராவைச் சொல்லல. சுபத்திராங்கறது ரஞ்சனோட பொண்டாட்டி. அவ வேற. நாங்க சொன்னதெல்லாம் அவனுங்களைத்தான், இவ நம்ம புள்ளை. இங்க வந்து ஒரே வருசத்துல தமிழ் பேசப் பழகிக்கிட்டா. என்னை அம்மாம்பா. எனக்கு மொழங்கால் புடிச்சுக்கிட்டா எண்ணெய் தேச்சு உடுவா. ரெண்டு வயசுல ஒரு பொட்டப்புள்ளை, ஜூலின்னு பேரு, நாள் முச்சூடும் என்ற மடில கெடக்கும்.

மைக்கு கட்டுன ஆட்டோ மொதல் நாள் எங்க தெருவுக்கு வந்துச்சு. என்ற கொரலு. 'நம்ம ஊர்ல நாம ஒறம்பரையா?' சுபத்திரா ஓடியாறா. "அம்மா, உங்க கொரலு! உங்க கொரலு!"ன்னு கையத் தட்டறா. அவளுக்கு அம்புட்டுச் சந்தோசம். ஜூலி அதைக் கேட்டுட்டு, 'ஒம்பையா, ஒம்பையா'ன்னு நாலு நாளு சொல்லிக்கிட்டே சுத்துச்சு. "ஒறம்பரைன்னா என்னம்மா?"ன்னு சுபத்திரா கேட்டா. விருந்தாளி, நல்ல வார்த்தைதான் கண்ணுன்னு சொன்னேன். பொய்யில்லீங்களே.

அவளுக்குப் புரியாட்டியும் ரஞ்சனுக்குப் புரிஞ்சுது. கம்பெனில சொல்லியிருக்கறாங்க. பஸ்ல ஒருத்தன் சட்டையப் புடிச்சு எந்த ஊருடான்னு கேட்டிருக்கறான். ஒருநாள் வந்து, "அம்மா, ஊருக்குப் போறோம், ரயிலு டிக்கெட் போட்டாச்சு, எல்லாம் அடங்குனாத் திரும்ப வாரோம்"ன்னான்.

அப்பப் பாத்து நோம்பி, கோயில் திருவிழாதானுங்க, சாட்டியிருந்தாங்க. எங்க மாரியாத்தா நோம்பி உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. கோயிலுக்கு முன்னால கம்பம் நட்டு, பூசாரி கைல மஞ்சக் கயிறு கட்டிருவாங்க, அதுதான் காப்பு. கட்டறப்ப ஊருக்குள்ள ஆரு இருக்கறாங்களோ, அவங்க காப்பு அவுக்கற வரைக்கும் எல்லை தாண்டிப் போயி ராத்தங்கக் கூடாது. ஒறம்பரையா வந்தவங்களுக்குங்கூட அதுதான். மீறிப் போனா அம்மை போட்டுரும். இவங்க டிக்கெட் போட்டது காப்புக் கட்டுன பொறவு. எனக்குப் பயமாப் போச்சு. என்ற லைன்ல இருந்து எல்லை தாண்டுனா என்ற ஊட்டுக்குத்தானுங்களே வரும்? சுபத்திராளக் கூப்புட்டுச் சொன்னேன்.

"கண்ணு, காப்புக் கட்டறப்ப நீ ஊருக்குள்ள இருந்தே. ஆத்தா கணக்குல நீ இந்த ஊருக்காரி. அவுக்கற வரைக்கும் போகப்படாது."

"நான் இந்த ஊருக்காரியாம்மா?"ன்னு கேட்டா. மூஞ்சியப் பாக்கோணுமே.

ரஞ்சன் முடியவே முடியாதுன்னான். அவதான் புடிவாதமா நின்னா. அம்மா சொல்லிட்டாங்க, சாமி குத்தம் ஆயிரும்னு. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டாங்க. நான் நல்லதுக்குத்தானுங்களே சொன்னேன்? கோயில் கட்டுப்பாட்டை ஒரு பெரிய மனுசி சொல்லாம வேற ஆரு சொல்லுவாங்க?

வெடியால வெடியால மஞ்சச் சீலை கட்டிக்கிட்டு, வேப்பந்தழை போட்டுக் கொடம் நெறைய மஞ்சத் தண்ணி எடுத்துக்கிட்டு என்ற பின்னாலயே வருவா. ஊருப் பொண்டுகளோட வரிசைல நின்னு கம்பத்துக்கு ஊத்துவா. கண்ணை மூடிக்கிட்டு என்னமோ அவ பாசைல முணுமுணுப்பா.

அதப் பாத்துட்டுத்தான் பேரவைல பேச்சு கெளம்புச்சு. நம்ம கம்பத்துக்கு அவ எப்படி ஊத்தலாம், இன்னைக்கே எல்லாத்தையும் ஊரை உட்டே தாட்டி உடோணும்னு பசங்க குதிச்சானுங்க. கோயில்லயே கூட்டம் போட்டாங்க. பூசாரி மட்டும் ஒத்துக்கல. "காப்பு கட்டியிருக்குதப்பா. ஒருத்தரையும் எல்லை தாண்ட உடப்படாது. ஊருக்கு ஆகாது"ன்னுட்டாரு. எல்லாருக்கும் சப்புன்னு ஆயிருச்சு. அப்பறம் பூபதி எந்திரிச்சுக் கும்பிட்டுச் சொன்னான். "ஆத்தா கட்டுக்கு மறுபேச்சு இல்லீங்க. காப்பு அவுக்கற வரைக்கும் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லப்படாது. அவுத்ததும் பாத்துக்கலாம்." செரி செரின்னு எல்லாருந் தலையாட்டுனாங்க. நானும் அங்கதான் முன் வரிசைல இருந்தேன்.

அதுக்கப்பறம் பாருங்க தம்பி, ஊரு அப்படி ஒரு அமைதி. மைக்கு ஆட்டோ வரல. பஸ்ல ஒருத்தரும் ஒண்ணுங் கேக்கல. கூழு ஊத்தறப்ப ரஞ்சனுக்கு ரெண்டு சொம்பு சேத்து ஊத்துனாங்க. ஜூலிய ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சுனாங்க. "பாத்தீங்களாம்மா, எல்லாஞ் செரியாப் போச்சு"ன்னு சுபத்திரா சொல்றா. எனக்குச் சோறு எறங்கல. அவ சிரிக்கறப்பல்லாம் நான் வேற பக்கந் திரும்பிக்குவேன்.

அவகிட்ட ஏன் சொல்லலன்னு பாக்கறீங்களா? காப்புக்குள்ள கெட்ட பேச்சுப் பேசக் கூடாதுங்க. அதுபோகப் பூபதி என்னமோ பேச்சுக்குச் சொல்லியிருப்பான்னு நெனைச்சேன். போலீசு கீலீசுன்னு யாராச்சும் நடுவுல வருவாங்கன்னு நெனைச்சேன். அப்பறம், நான் சொல்லி அவங்க ஓடிப்போனா ஆரு சொன்னதுன்னு கேப்பாங்களே, அதையும் நெனைச்சேன்.

கடேசி நாளு கம்பத்தைப் புடுங்கிக் கெணத்துல உட்டாங்க. பூசாரி காப்பை அவுத்தாரு. மஞ்சத்தண்ணி ஆட்டம் ஆரம்பமாச்சு. புதுச் சீலை கட்டியிருந்தா சுபத்திரா, தலையோட காலு நனைஞ்சு நிக்கறா. பூபதியே ஒரு சொம்பு மொண்டு ரஞ்சன் தலைல ஊத்துனான். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நான் என்ற கண்ணால பாத்தேன்.

பொழுது எறங்கறப்ப வந்தாங்க. சட்டையெல்லாம் இன்னும் மஞ்சளாவே இருந்துச்சு, மாத்தக்கூட இல்ல. மொதல்ல மைக்கு ஆட்டோ வந்துச்சு. என்ற கொரலு. பின்னால அவங்க. எனக்குத் தெரியாத மூஞ்சி ஒண்ணுகூட இல்லீங்க அதுல. ரஞ்சனை வெளிய இழுத்தாங்க. தையக்காரனுக்குக் கைதானுங்களே எல்லாம்? அந்த வெரலுங்களக் கல்லு மேல வெச்சு... வேண்டாம் தம்பி. நீங்க குடியிருக்க வந்தவங்க.

சுபத்திரா புள்ளையத் தூக்கிக்கிட்டு இங்கதான் ஓடியாந்தா. நான் தாழ்ப்பாள் போட்டுட்டேன். பயத்துல பண்ணுனது. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? நான் ஒத்தைப் பொம்பளை. கதவு மேல கைய வெச்சு அடிக்கறா. "அம்மா, காப்பு இருக்கு! அம்மா, காப்பு இருக்கு!"ன்னு கத்தறா. காப்பு அவுத்தாச்சுன்னு அவளுக்குத் தெரியலீங்க. ஆரும் அவளுக்குச் சொல்லல. காப்பு இருக்கறவரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நாந்தான் சொல்லி வெச்சிருந்தேன். கைல கண்ணாடி வளையலு, கீழ உக்காந்து உக்காந்து கதவைப் பொறாண்டி, அந்தக் கோடுதான் நீங்க பாத்தது. பெயிண்ட் அடிச்சாப் போயிரும்.

மக்யாநாளு ஆசுபத்திரி வண்டில போயிட்டாங்க. புள்ளைக்கு ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னாங்க. நான் போயிப் பாக்கல.

அத்தோட முடிஞ்சுதுன்னு பாத்தா, அதுக்கப்பறந்தான் எனக்கு வந்துச்சு கெரகம். ஊடு ஊடாக் கேட்டுல ஒரு ஸ்டிக்கர் ஒட்டுனாங்க, 'மண்ணின் மக்கள் இல்லம்'னு. இந்தப் பக்கத்து ஊடு, எதிர்த்த ஊடு எல்லாத்துக்கும் ஒட்டியாச்சு. என்ற கேட்டுக்கு ஒட்டல. மறந்துட்டாங்கன்னு நெனைச்சு நானே பூபதி கடைக்குப் போனேன். அவன் நிமுந்து பாக்காம, "பேரவைல சொல்லி அனுப்பறோங்க"ன்னான். அக்கான்னு சொல்லல, கவனிச்சீங்களா?

ரெண்டு நாள் கழிச்சு அவனே வந்தான். கேட்டுக்கு வெளியவே நின்னான். காப்பி குடிடான்னேன், வேண்டாங்கன்னுட்டான்.

"உங்க ஊட்டுக்காரருக்குப் பூர்வீகம் எதுங்க?"

வேடசந்தூருப் பக்கம் தம்பி. கம்பெனி வேலைக்கு வந்தவரு. நானும் அங்கதான் பொறந்தேன், கல்யாணமாகி வந்தவ. அதுக்கு ஆச்சு முப்பத்தஞ்சு வருசம். இந்தப் பேச்சு, இந்த ஒறம்பரைங்கற வார்த்தை, எல்லாம் இங்க வந்து பழகுனதுதான். நான் சொன்னேன், "ஏன்டா, என்ற கொரலைத்தானடா ஊரெல்லாம் போட்டுக்கிட்டுச் சுத்தறே?"

அவன் பொறுமையாத்தான் சொன்னான். "கொரலு உங்களுதுதாங்க. ஊரு உங்களுதான்னுதான் கேக்கறாங்க."

அடுத்த வாரம் வந்து முடிவு சொல்றோம்னு போனான். குடி வர்றவங்க எந்த ஊருன்னு கேட்டு வெக்கோணும், தப்பான ஆளை வெச்சா லைனோட காலி பண்ண வேண்டி வரும்னும் சொல்லிட்டுப் போனான். அந்த அடுத்த வாரம் இந்த வாரந்தானுங்க. இந்த ஊட்டை உட்டா எனக்குப் போக்கெடம் இல்ல. வேடசந்தூர்ல என்னை ஆருக்குத் தெரியும்?

எல்லாம் அவனுங்களாலதான். அவனுங்க வராம இருந்திருந்தா என்னை ஆரு கேக்கப் போறாங்க, சொல்லுங்க.

டீ ஆறிப்போச்சுங்க தம்பி, குடிங்க. ரூமு சாவி அந்த ஆணில...

இருங்க. சத்தம் போடாதீங்க.

கேக்குதுங்களா? மைக்கு. முக்குத் திரும்பிருச்சு. அது என்ற கொரலுதான். எனக்கே அடையாளம் தெரியல பாருங்க, எம்புட்டுக் கோவமாக் கேக்குது. அந்தக் கதவைச் சாத்துங்க. தாழ்ப்பாள், மேல் தாழ்ப்பாளும். சன்னல்கிட்ட நிக்காதீங்க.

பக்கத்து ஊட்டைத் தாண்டிப் போகும். எப்பவும் தாண்டித்தான் போகும்.

போகலீங்க தம்பி. நம்ம கேட்டுக்கிட்ட நின்னுருச்சு.

தம்பி, இங்க பாருங்க. இந்தப் பக்கம் திரும்புங்க. மூஞ்சியக் காட்டுங்க. அவங்க உள்ள வந்தா மொதக் கேள்வி என்னைத்தான் கேப்பாங்க, நான் ஏதாச்சும் பதில் சொல்லோணும். பொய் சொல்லாதீங்க. சட்டுன்னு சொல்லுங்க.

நீங்க எந்த ஊரு?